மாமாவைச் சித்தப்பா ஆக்கிய நாள்

ஜெயிலில் இருப்பவரைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு எங்கள் பக்கம் 'மனுப் பார்ப்பது' என்று பேர். எட்டு வயதில் அந்த வார்த்தை எனக்கு நோம்பி, பண்டிகை மாதிரித்தான் இருந்தது. புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்கு மட்டம், பஸ்ஸில் ஜன்னலோரம், திரும்பும்போது தேங்காய் பன். அப்பாவைக் கம்பி வலைக்குப் பின்னால் பார்ப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை என்று இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அப்பா சோமனூரில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தறிக் குடோன்காரரோடு வண்டி நிறுத்துவதில் ஒரு தகராறு. வாய்ச்சண்டை கைகலப்பாகி, அந்த மனிதரின் மண்டையில் இரும்புக் கம்பி இறங்கிவிட்டது. அடித்தது மாமா, அம்மாவின் ஒரே தம்பி. போலீஸ் வந்தபோது 'நான்தான் அடித்தேன்' என்று சொல்லி ஜீப்பில் ஏறியது அப்பா. மாமா அப்போதுதான் பீளமேட்டில் இன்ஜினியரிங் சேர்ந்திருந்தார். பெற்றவர்கள் போனபின் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். அம்மாவுக்கு அவர்தான் மூத்த பிள்ளை, நான் இரண்டாவது. கேஸ் விழுந்தால் படிப்பு போச்சு, பிழைப்பே போச்சு என்று மூன்று பேரும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. என்னிடம் ஒருவரும் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டு கிடந்திருப்பேனே!

ஆனால் மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. காலேஜுக்கு என்று கிளம்புவார், பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வருவார். "நானே போயிச் சொல்லிப்போடறேனுங்க்கா" என்று தினமும் அழுகை. அப்பா வாயால் நேரில் நாலு வார்த்தை சொன்னால் அடங்கிவிடுவார் என்று அம்மா கணக்குப் போட்டாள். அங்கேதான் சிக்கல். அப்பா இருந்த கிளைச் சிறையில் அந்தச் சமயம் ஒரே கெடுபிடி. பெண்டாட்டி, பிள்ளை, பெற்றவர்கள், கூடப்பிறந்தவர்கள் மட்டும்தான் மனுப் பார்க்கலாம், மச்சானுக்கு இடமில்லை. அதனால் பெருந்துறையில் கம்பெனி வேலையில் இருந்த சித்தப்பாவின் வாக்காளர் அட்டையை அம்மா வாங்கி வந்தாள். அதிலிருந்த போட்டோ சித்தப்பாவைப் போலவே இல்லை, ஆகவே மாமாவுக்கும் தாராளமாகப் பொருந்தியது.

பஸ்ஸில் அம்மா என் காதோடு சொன்னாள். "கண்ணு, இன்னைக்கு ஒருநா மாமாவச் சித்தப்பான்னு கூப்புடோணும். மறந்துபோடாத."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சித்தப்பாவுக்கு மீசை இருக்குதேம்மா" என்றேன். அம்மா முறைத்ததும், இறங்குகிற வரைக்கும் சித்தப்பா சித்தப்பா என்று மாமாவைக் கூப்பிட்டுப் பழகினேன். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மனுச் சீட்டில் உறவு என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதிக் கொடுத்தார்கள். வார்டர் அட்டையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், உள்ளே போகச் சொன்னார். அம்மா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

வலைக்கு அந்தப் பக்கம் வந்த அப்பா, மாமாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். மாமா வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிய மனுஷன். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. பயந்துபோய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "மாமா, அழுகாதீங்க மாமா!"

பின்னால் நின்ற வார்டர் சட்டென்று திரும்பினார். வெளியூர்க்காரராக இருந்தால் விட்டிருப்பார். குழந்தை யாரை வேண்டுமானாலும் மாமா என்னும். இவர் எங்கள் பக்கத்து ஆள். அப்பாவின் தம்பி பங்காளி, அம்மாவின் தம்பி மாமன். அந்த முறை எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குத் தூக்கத்தில்கூடத் தவறாது என்று அவருக்குத் தெரியும்.

"ஏனம்மணி, இவரு உங்கப்பாவோட தம்பிதான? மாமாங்கிற?"

"கொழந்தைங்க, வாய் தவறிச் சொல்லிப்போட்டாளுங்க" என்றாள் அம்மா. அவள் குரலே காட்டிக்கொடுத்தது. மாமாவை ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போனார்கள். ஆள்மாறாட்டம் செய்து உள்ளே வரவேண்டிய அவசியம் என்ன என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்களாம். மாமா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வலைக்குப் பின்னாலிருந்து அப்பா, "டேய், வாய மூடுடா, வாய மூடுடா" என்று கத்திக்கொண்டே இருந்தார். எனக்கு யாரோ ஒரு பிஸ்கட் கொடுத்தார்கள். நான் தின்றேன்.

அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. பொய் சொன்னதற்காக அப்பா மேல் தனியாக ஒரு கேஸ் இருந்தாலும், சில வாரங்களில் பெயிலில் வந்துவிட்டார். மாமா அதே சிறைக்குள் போனார். காலேஜில் பேரை எடுத்துவிட்டார்கள். விதியை மீறியதற்காக அம்மாவுக்கு மூன்று மாதம் மனு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கூடப்பிறந்தவள் என்கிற உரிமை இருந்தும், பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவனை அவளால் பார்க்க முடியவில்லை. ஆனாலும் புதன்கிழமை தவறாமல் போய், சிறைக்கு எதிர்ப்புறம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். என்னைக் கூட்டிப்போகவில்லை.

எனக்கோ அப்பா வந்துவிட்ட குஷி. ஒருநாள் சாயங்காலம், அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது, "மாமா எப்பம்மா வருவாங்க?" என்று கேட்டேன்.

அம்மா அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "நீ கூப்புட்டாத்தான் எல்லாம் நடக்குதே கண்ணு. கூப்புடு, வாரானான்னு பாக்கலாம்."

நான் அதை அப்படியே நம்பினேன். வாசலுக்கு ஓடிப்போய், பஸ் வருகிற ரோட்டைப் பார்த்து, தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி "மாமா! மாமா!" என்று அடித்தொண்டையில் கத்தினேன். செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்த அப்பா என் வாயை இறுகப் பொத்திக்கொண்டார். இன்னும் கொஞ்சம் கத்தியிருந்தால் மாமாவுக்குக் கேட்டிருக்குமே என்று எனக்கு அவர் மேல் அப்படியொரு கோபம் வந்தது.