கம்ப்யூட்டருக்குத் தைத்த சட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு வடிகட்டின முட்டாள். மற்ற முட்டாள்கள் தவறு செய்வதோடு நின்றுவிடுவார்கள். நான் தவறுக்கு அளவெடுத்து, தையற்காரரிடம் கொடுத்து, ஓரத்தில் சிவப்பு பைப்பிங் வைத்து வாங்கி வந்தவன்.

செம்பூரில் எங்களுக்குப் பக்கத்துக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலை மூடினாலும் சிமென்ட் தூசி உள்ளே வந்து ரசத்தில்கூட உட்கார்ந்தது. ஏற்கெனவே எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் உறை உண்டு. மிக்ஸிக்கு, டிவிக்கு, வாஷிங் மெஷினுக்கு, ரிமோட்டுக்கு. உறை இல்லாமல் நடமாடியது நானும் என் மனைவியும்தான். மகள் ஹைதராபாத்துக்கு வேலைக்குப் போகும்போது விட்டுச் சென்ற கம்ப்யூட்டர் மட்டும் வெறும் உடம்போடு நிற்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் எனக்குச் சாதாரணப் பெட்டி அல்ல. போவதற்கு முன் மகள் அதில் எனக்கு ஒரு விளையாட்டைக் கற்றுக்கொடுத்திருந்தாள். மலைப்பாதையில் இரண்டு லாரிகள். ஒன்றை அவள் அங்கிருந்து ஓட்டுவாள், மற்றதை நான் இங்கிருந்து ஓட்டிக்கொண்டு பின்னாலேயே போவேன். ஞாயிறு சாயங்காலம் இருவரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிளம்புவோம். போனில் பேசினால் “சாப்ட்டியா?” என்பேன், “ம்” என்பாள். அதோடு அப்பா மகள் உறவு முடிந்துவிடும். லாரியில் ஏறினால் மட்டும் கேட்காமலே பேசுவாள். மேனேஜரைத் திட்டுவாள், கூட இருக்கும் பெண்ணின் குறட்டையை நடித்துக் காட்டுவாள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி “ம், ம்” என்று கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் கணக்கு.

தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரரைக் கூட்டிவந்து அளவெடுக்கச் சொன்னேன். கழற்றாமலே பயன்படுத்தும்படி வேண்டும், சுவிட்சுக்கு ஒரு ஓட்டை, பின்னால் வயர்களுக்கு ஒரு கீறல், மற்ற இடமெல்லாம் அடைத்துவிட வேண்டும் என்றேன்.

“கையி வச்சுத் தைக்கவாண்ணே? முழுக்கையா, அரைக்கையா?” என்றார் அவர், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு.

“கிண்டலு கெடக்கட்டும்யா. தூசி ஒரு பொட்டு உள்ள போவக்கூடாது.”

“காத்தே போவாதுண்ணே.”

அதை நான் உத்தரவாதம் என்று எடுத்துக்கொண்டேன். திரைச்சீலைத் துணி, உள்ளே கேன்வாஸ். கம்ப்யூட்டர் மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

அதன் பிறகுதான் விளையாட்டு திக்க ஆரம்பித்தது. முதல் சில நிமிடங்கள் ஒழுங்காக ஓடும். பிறகு லாரி நிற்கும், ஒரே தாவாகத் தாவும், மறுபடி நிற்கும்.

“அப்பா, எங்க இருக்க? உன் லாரி அந்த வளைவுலயே நிக்குது.”

“வந்துட்டே இருக்கேம்மா.”

“அரே யார்” என்று இந்தியில் சலித்துக்கொண்டாள். “இதைச் சரி பண்ணு முதல்ல. எவ்ளோ நேரம் வெயிட் பண்றது.”

சரி பண்ணக் கிளம்பினேன். இணையத்தில் யார் எதைச் சொன்னாலும் செய்தேன். கிராபிக்ஸ் கார்டின் மென்பொருளைப் புதுப்பித்தேன். விளையாட்டில் வரும் நிழலை அணைத்தேன், புல்லை அணைத்தேன், கடைசியில் மலை மைசூர்பாகு மாதிரி சதுரம் சதுரமாக நின்றது. அப்போதும் திக்கியது. கூடுதல் ரேம் வாங்கிப் போட்டேன். (போட்டுவிட்டுச் சட்டையை மறுபடி மாட்டினேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.) லிஃப்ட் ஏறும்போது மின்சாரம் குறைகிறதோ என்று சந்தேகம் வந்து, மனைவியை லிஃப்ட்டில் மேலும் கீழுமாக அனுப்பிவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தேன்.

“இன்னும் எத்தனை தடவைங்க? வாட்ச்மேன் எனக்கு என்னமோ ஆயிட்டுன்னு நெனைக்கான்” என்றாள் திரும்பி வந்து.

மழைக்காலம் தொடங்கியது. சட்டையில் சிமென்ட் படிந்துவிட்டது என்று மனைவி அதைத் துவைத்துப் போட்டாள். மும்பை மழையில் கேன்வாஸ் எளிதில் காயுமா? அது கொடியில் சொட்டிக்கொண்டிருந்த நாட்களில் சும்மா ஓட்டிப் பார்த்தேன். லாரி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. வெளியே கொட்டும் மழையைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன். விஞ்ஞானி மூளை அல்லவா, உடனே விளங்கிவிட்டது.

“மழை பேஞ்சா நல்லா ஓடுதும்மா” என்று மகளுக்குப் போன் செய்தேன்.

“மழைக்கும் கேமுக்கும் என்னப்பா சம்பந்தம்?” என்றாள். ஆனாலும் ஞாயிறு லாரியில் ஏறினாள்.

அன்று நல்ல மழை. சட்டையும் ஒருவழியாகக் காய்ந்து கம்ப்யூட்டர்மேல் ஏறியிருந்தது. பாதி மலை ஏறியபோது அவள் குரல் தணிந்தது.

“அப்பா, ஒண்ணு சொல்லணும். அம்மாட்ட இன்னும் சொல்லல. நான்…”

லாரி திக்கி, தாவி, பள்ளத்தில் விழுந்தது.

“ஐயோ, போச்சே போச்சே” என்று கத்தினேன். “ஒரு நிமிஷம் இரும்மா, நிழலைக் கொறச்சுட்டு வாரேன்.”

குறைத்துவிட்டு வந்து கேட்டேன். “என்னமோ சொன்னியே?”

“ஒண்ணுமில்ல. சோடோ, விடு.”

அடுத்த ஞாயிறு அவளுக்கு வேலை. அதற்கடுத்த ஞாயிறு தலைவலி. அவள் வேலையை விட்டுவிட்டாள், மேனேஜர் எல்லார் முன்னாலும் அசிங்கமாகப் பேசியிருக்கிறார் என்பதைப் பிற்பாடு மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அடுப்படியில் நின்றபடி, ஏதோ எனக்கும் தெரியும் என்பதுபோலச் சொன்னாள். தெரிந்தமாதிரி நானும் தலையாட்டினேன்.

மறுநாள் ஆபீசுக்குப் போக சாக்ஸைத் தேடினேன். கொடியில் இல்லை, ஃபிரிட்ஜின் பின்னால் இல்லை.

“கம்ப்யூட்டர் மேல பாருங்க” என்றாள் மனைவி. “நீங்க ரிப்பேர் பாக்க ஆரம்பிச்சதுலேருந்து அங்கதான் காயப் போடுதேன். ஃபிரிட்ஜ விட அதுலதான் சூடு ஜாஸ்தி.”

எடுத்தேன். இஸ்திரி போட்டதுபோல இருந்தது. காத்தே போவாது என்று ஊர்க்காரர் சொன்னது அப்போதுதான் உறைத்தது; சூடு வெளியேற வழியில்லாமல்தான் பெட்டி திக்கியிருக்கிறது. பிறகு அந்தச் சட்டையை உரித்து, அடுப்படியில் பிடிதுணியாக வைத்துக்கொள் என்று கொடுத்தேன். பெட்டியைத் துடைத்து, மலையேற்றிப் பார்த்தேன். நிழலும் புல்லும் எல்லாம் திரும்ப வந்தும் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. பள்ளம் வந்தது, தாண்டியது. அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போனேன்.

தமிழில் எழுதினால் எழுத்துக்கூட்டிப் படிக்க அவளுக்குப் பொறுமை கிடையாது. அதனால் போனில் குரல் பதிவாகப் பேசியே அனுப்பினேன். லாரி சரியாகிவிட்டது, தப்பெல்லாம் என்னுடையதுதான், காரணத்தைக் கேட்டால் சிரிப்பாய், ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்தில் நிற்கிறேன், நீ சொல்ல வந்ததை இந்தத் தடவை முழுசாகச் சொல் என்றேன்.

சாயங்காலம் பதில் வந்தது.

“அந்த கேம எப்பவோ டிலீட் பண்ணிட்டேன்பா.”