ரெட் காயினை ஒதுக்கிக் கொடுத்தது யார்?

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். விழுப்புரத்தில் ஒரு கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற வேலை. கரண்ட் தொட்டால் அடிக்கும், தொடாவிட்டால் அடிக்காது, அதைத் தவிரக் கண்ணுக்குத் தெரியாத எதையும் நம்பியதில்லை. நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் பழகியதே ஒரு ஆன்லைன் கேரம் சைட்டில்தான். அந்த நாளில் எந்த பிரவுசிங் சென்டருக்குப் போனாலும் பாதிப் பேர் அதில்தான் கிடப்பார்கள். உள்ளே போனால் காலி டேபிள் இருக்காது, கல்யாணப் பந்தியில் இலைக்கு நிற்பது மாதிரி யார் எழுந்திருப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதில் என் பெயர் ‘விழுப்புரம் ராஜா’, அவள் ‘திண்டிவனம் ராணி’. அவளோடு ஆடும்போது மட்டும் ரெட் காயினை நான் போடவே மாட்டேன். குறி தப்பியது மாதிரி லேசாகத் தட்டி, அவளுடைய வலது பாக்கெட் ஓரமாக ஒதுக்கி விட்டுவிடுவேன். வேண்டுமென்றே செய்தேன் என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் அவளிடமே சொன்னேன். வேறு ஒருவரிடமும் சொன்னதில்லை, சொன்னால் கடையில் ஓட்டியே என்னைக் காலி பண்ணிவிடுவார்கள்.

தலைப்பிரசவத்துக்குத் திண்டிவனத்தில் தாய்வீட்டுக்குப் போகும் முன் அவள் ஒன்று கேட்டாள். பிள்ளை பிறக்கப் போகிறது, இனி அந்தச் சைட்டைத் தொடக்கூடாது என்றாள். மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிச் சத்தியம் பண்ணினேன், தொடவும் இல்லை. தொடுவதற்கு அங்கே என்ன இருந்தது? எல்லோரும் போனிலேயே ஆடப் போய்விட்டார்கள், சைட் ஈயாடிக்கொண்டிருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் ஸ்டெல்லா போன் பண்ணினாள்.

“மாதா முன்னாடி சத்தியம் பண்ணிட்டு, அங்க குந்திக்கினு கேரம் ஆடிக்கினு இருக்கீங்களா?”

“நான் கடையில காயில் சுத்திக்கினு இருக்கேன். வேணும்னா மொதலாளிய கேளு.”

“சாட்சிக்கு ஆள வேற ரெடி பண்ணி வச்சிருக்கீங்க. குழந்தை தூங்குதேன்னு தம்பியோட கம்ப்யூட்டர்ல பாத்தேன். சைட்டு மொத்தத்துக்கும் ஒரே ஆளு, உங்க பேருதான். பச்ச லைட்டு எரியுது. உண்மைய சொல்ற வரைக்கும் குழந்தைய தூக்கிக்கினு அங்க வரமாட்டேன்.”

எனக்கு அவள் தம்பி மேல் சந்தேகம் வந்தது. பிறகு பழைய பிரவுசிங் சென்டர்காரர் மேல் வந்தது. போய்ப் பார்த்தால் அவர் கம்ப்யூட்டரையெல்லாம் விற்றுவிட்டு ஜெராக்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்.

“என் பாஸ்வேர்டு போட்டு யாருண்ணே ஆடுறது?”

“எவன்யா இப்ப அத ஆடுறான்? பேஜாரு பண்ணாத, போ.”

உண்மையைச் சொன்னால் ஸ்டெல்லா மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது, இங்கே வராமல் இருக்க ஏதாவது சாக்குத் தேடுகிறாளோ என்று. இரண்டு பேரும் போனில் சரியாகப் பேசுவதில்லை. பெற்ற பிள்ளையைப் பார்க்க முடியாத வயிற்றெரிச்சல் வேறு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திண்டிவனத்துக்கு பஸ் ஏறிவிட்டேன்.

மாமியார் முகம் கொடுத்துப் பேசவில்லை. தம்பி பந்து விளையாடப் போயிருந்தான். ஸ்டெல்லா குழந்தையை என் கையில் திணித்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டாள். பச்சை லைட் எரிந்தது. விழுப்புரம் ராஜா ஒரு டேபிளில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

அங்கேயே என் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன், மாற்றிவிட்டு வெளியே வந்தாள். பச்சை லைட் அணையவில்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன்னுடைய ராணி பெயரில் அந்த டேபிளில் போய் எதிரே உட்கார்ந்தாள். ஆட்டம் தொடங்கியது. நம்பினால் நம்புங்கள், என் இரண்டு கையிலும் குழந்தை இருக்கிறது, திரையில் ஸ்ட்ரைக்கர் நான் நகர்த்துகிற மாதிரியே இடது ஓரம் போய் நின்று கொஞ்சம் பின்வாங்குகிறது. அடுத்த அடியில் ரெட் காயின் மெதுவாக உருண்டு வந்து அவளுடைய வலது பாக்கெட் ஓரத்தில் நின்றது.

நான் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ஸ்டெல்லா திரும்பி என் கைகளையே பார்த்தாள். அப்புறம் திரையைப் பார்த்து ரெட்டைப் போட்டாள், அது செல்லுபடியாக அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காயினையும் போட்டாள். லேசாகச் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த வாரமே குழந்தையோடு விழுப்புரம் வந்துவிட்டாள், என்னிடம் மன்னிப்பும் கேட்டாள். எனக்குத் தெரிந்து அவள் அதோடு ஆடியது அந்த ஒரே ஆட்டம்தான். கொஞ்ச நாளில் சைட்டையே மூடிவிட்டார்கள். இப்படி ஒன்று இருந்ததே என்று யாரும் பேசக்கூட இல்லை. சேதி கேட்ட அன்று ஸ்டெல்லா மட்டும் சாப்பிடவில்லை, தலைவலி என்றாள்.

மகள் வளர்ந்ததும் வீட்டுக்கு ஒரு கேரம் போர்டு வாங்கினேன். ஒருநாள் சாயங்காலம் மூன்று பேரும் ஆடும்போது, பழைய ஞாபகத்தில் ரெட்டை ஸ்டெல்லாவின் வலது பக்கமாக ஒதுக்கிவிட்டேன். அவள் குனிந்து குறி பார்த்தாள், அடிக்கவில்லை.

“அவரு எப்பவுமே இன்னும் கொஞ்சம் கிட்ட வெப்பாரு” என்றாள்.

“எவரு?” என்று கேட்டேன்.

அவள் ஸ்ட்ரைக்கரை மகள் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். மறுபடி கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.