ஒமுர்ஸாக்கும் திறக்காத கார்க் கூரையும்

சொல்லப்போவது அத்தனையும் நிஜமாக நடந்தது. தேநீர் ஆறுவதற்குள் இன்னொன்றையும் ஒத்துக்கொண்டுவிடலாம்: அங்கங்கே கொஞ்சம் இழுத்து நீட்டியிருக்கிறது. முப்பது கார் வந்த இடத்தில் முந்நூறு என்று வந்தால் கண்டுகொள்ளாதீர்கள். கதைக்குச் சொந்தக்காரர் ஒமுர்ஸாக் இந்தக் கடையில்தான் மூன்றாவது கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவர் மச்சினன் சுயுன். எதிரே சம்பந்தி வீட்டுப் பெரியவர் தெமிர்காசி. தப்பிருந்தால் அவர்களே திருத்தட்டும்.

ஒமுர்ஸாக் ஒஷ் நகரத்தில் கார்களுக்கு ஒயர் வேலை பார்ப்பவர். செத்துப் புதைத்த காரின் விளக்கைக்கூட எரிய வைப்பார். அவருடைய ஒரே மகள் ஜிபெக் கல்யாணத்துக்கு நகை கேட்கவில்லை, கம்பளம் கேட்கவில்லை.

"அப்பா, போறப்ப கார் கூரை வழியா எழுந்து நிப்பேன். தெருமுனை திரும்புற வரைக்கும் நீ என்னைப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

பெண்ணைப் பெற்றவருக்கு ஊர்வலத்தில் இடம் கிடையாது, வாசலோடு சரி. அந்தத் தெருமுனை வரைதான் அவர் பங்கு.

கல்யாணத்தன்று காலையில் சுயுன், கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடும் தன் வெள்ளைக் காரை ஓட்டி வந்தான். பொத்தானை அழுத்தினால் கூரை ஒரு சாண் திறந்தது, யோசித்தது, நின்றுவிட்டது.

"மச்சான், கூரைக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு."

"ஓட்டுறவன் புத்திதானே வண்டிக்கும் வரும்."

புதுக் கோட்டு, வெள்ளைக் கம்பளித் தொப்பி, அந்தக் கோலத்திலேயே ஒமுர்ஸாக் காருக்குள் மல்லாந்து கூரை விளக்குப் பலகையைக் கழற்றினார். கூரை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று மோட்டாருக்குச் சொல்லும் குட்டி சுவிட்ச் அங்கே இருக்கும். இருந்தது, மிட்டாய்க்குள் புதைந்து. மணப்பெண் தலைமேல் பெண்கள் வீசும் மிட்டாய் பத்து வருஷமாக அங்கேதான் உருகிக் குடியேறியிருந்தது.

கொட்டகையில் நொறுங்கிக் கிடந்த காரிலிருந்து நல்ல சுவிட்ச் ஒன்றைப் பிடுங்கி வந்து மாட்டும்போது வாசலில் ஹாரன் சத்தம். மாப்பிள்ளை வீட்டார், முந்நூறு கார். அவசரத்தில் கூரையை மூடாமலே மாட்டிவிட்டார். புது சுவிட்ச் அந்த ஒரு சாண் திறப்பையே முழு மூடல் என்று நம்பிவிட்டது. இனி எல்லாவற்றையும் கழற்றி, கூரையைச் சாவி போட்டுக் கையால் சுற்றி மூடி, மறுபடி மாட்ட வேண்டும்.

"ஒரு மணி நேரமாகும்டா. அவங்க கறி தின்னதும் பொண்ண ஏத்துன்னு நிப்பாங்க."

"என்ன பண்றது மச்சான்?"

"எலும்பை மாத்தி வை."

விருந்துத் தட்டில் இடுப்பெலும்பு மூத்தவருக்கு, முன்னங்கால் எலும்பு சின்னவர்களுக்கு என்பது ஆடு பிறக்கும்போதே எழுதியாகிவிட்ட விஷயம். ஆனாலும் சுயுன் போய் மாற்றி வைத்தான். தெமிர்காசி தன் தட்டைப் பார்த்தார். முன்னங்கால். பிறகு அறுபது வயதுக்கு மேற்பட்ட பதினோரு பேர், யார் எந்த வருஷம் எந்தப் பனியில் பிறந்தார்கள் என்று வாதாடினார்கள். கறி ஆறி, மறுபடி சூடாகி, மறுபடி ஆறியது.

அதற்குள் வேலை முடிந்து, கூரை சத்தமில்லாமல் முழுசாகத் திறந்தது.

ஜிபெக் எழுந்து நின்றாள். முக்காடு காற்றில் பறந்தது. பெண்கள் மிட்டாயை வீச, ஒமுர்ஸாக் தொப்பியைக் கழற்றிக் கூரையோரத்தில் ஏந்திக்கொண்டு பாதித் தெரு ஓடினார். அப்புறம் நின்றார். தெருமுனையில் அவள் திரும்பிக் கையசைத்தாள். தொப்பி நிறைய மிட்டாயோடு அவர் அங்கேயே நின்றிருந்தார், மூன்று நாள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். தெமிர்காசி கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்போ அந்த எலும்பு கைதவறி வந்ததில்லையா?"

"சுயுன்தான் வெச்சான்," என்றார் ஒமுர்ஸாக்.

"சொன்னது யாரு மச்சான்?"

"ஆறு மாசமா எங்க ஊர்ல என்னைச் சின்னப் பையன்னு கூப்பிடுறானுங்கய்யா. வெளிய வாங்கடா ரெண்டு பேரும்."

"ஒரு சுவிட்சுக்காகத்தான் பெரியவரே..."

"சுவிட்சக் கொண்டு வா. தட்டுல வெச்சு உன்னைத் திங்க வைக்கிறேன்."

தேநீர்ப் பானையை யாராவது ஓரமாக எடுத்து வையுங்கள்.