எத்தீம் என்ற சொல்

எனக்கு ஓதத் தெரியும் என்பதில் அப்படியொரு கர்வம் எனக்கு. எழுபதுகளின் தொடக்கம் அது. திருவல்லிக்கேணியில் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தில் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் என் வீட்டுக் கூடத்தில் வந்து உட்காருவார்கள். வேதத்தை அரபியில் எழுத்துக்கூட்டி ஓதச் சொல்லிக்கொடுப்பேன். தொண்டையிலிருந்து வரவேண்டிய எழுத்து நாக்கிலிருந்து வந்துவிட்டால் போதும், சந்து முனை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவேன். அர்த்தமா? அதை யார் கேட்டார்கள்? எனக்கே தெரியாது.

அந்த நேரத்தில் கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள் என் வீட்டுக்காரரின் தம்பி மகள். பன்னிரண்டு வயது. தாயும் தகப்பனும் ஒரே வருஷத்தில் மவுத்தாகிப் போக, எங்களிடம் வந்து சேர்ந்தவள். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. "ஏ எத்தீம், தண்ணி புட்ச்சி வெச்சியா?" "எத்தீமுக்கு வாயப் பாரு!" தாய்தகப்பன் இல்லாத பிள்ளைக்கு எங்கள் வீடுகளில் அதுதான் சொல். அவளும் ஓத உட்கார்ந்தால் பாத்திரத்தை யார் தேய்ப்பது என்று உட்காரவைக்காமலே விட்டேன்.

அடையாற்றில் ஓர் அதிகாரி வீட்டில், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு பெண் வேண்டும் என்றார்கள். அந்த வாரம்தான் அவள் என் பீங்கான் தட்டை உடைத்திருந்தாள். தொலையட்டும் சனியன் என்று வீட்டுக்காரரிடம்கூடக் கேட்காமல் அனுப்பிவிட்டேன். போகும்போது அவள் அழவில்லை. அதுகூட எனக்குத் திமிராகத்தான் பட்டது.

நாலைந்து மாதத்தில் நோன்பு வந்தது. அடுத்த தெருவில் ஒரு வீட்டில், படித்த ஓர் அம்மாள் பெண்களுக்காகத் தினமும் மதியம் வேதத்திலிருந்து ஒரு சூராவை, அதாவது ஓர் அத்தியாயத்தை, ஓதித் தமிழில் பொருள் சொல்லிவந்தார். அன்று அவர் எடுத்தது, நான் தொழுகையில் அதிகம் ஓதுகிற சூரா. பக்தியால் ஓதினேன் என்று நினைக்காதீர்கள். அது சின்னது. சீக்கிரம் முடிந்துவிடும், அடுப்பில் இருக்கிற சோறு அடிப்பிடிக்காது. தலையாட்டிக்கொண்டே கேட்டேன். எத்தீமை விரட்டுகிறவர்களைப் பற்றி அல்லாஹ் பேசுகிற இடம் இது என்றார் அந்த அம்மாள். அப்படிப்பட்டவர்கள் தொழுதாலும் கேடுதான் என்றும் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓதும்போது என் வாயில் அந்தச் சொல் அரபி. வீட்டில் அதே சொல் வசவு. முப்பது வருஷமாக ஒரே நாக்கு இரண்டையும் சொல்லியிருக்கிறது, இரண்டும் ஒன்று என்று ஒரு தடவைகூட உறைக்கவில்லை! பக்கத்தில் இருந்தவள், "இன்னாக்கா, மூஞ்சி இப்டி வெளுத்துப்பூட்ச்சி? நோன்பு மயக்கமா?" என்றாள். ஆமாம் என்று பொய் சொன்னேன், நோன்பு வாயோடு.

வீட்டுக்கு வந்து தொழ நின்றேன். பழக்கதோஷத்தில் அந்த சூராதான் வந்தது. அந்தச் சொல்லைத் தாண்ட முடியவில்லை. நிறுத்திவிட்டு வேறு சூராவை ஆரம்பித்தேன், அதற்குள் எனக்காக என்ன இருக்கிறதோ என்று அதையும் பாதியில் விட்டேன். யா அல்லாஹ், இத்தனை வருஷமும் எனக்கெதிராக நானே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேனா? தொழுகைப் பாயிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நோன்பு திறந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவளைக் கூட்டிக்கினு வந்துடலாங்க."

"இன்னா திடீர்னு? அவங்களுக்கு டெல்லிக்கு மாத்தலாயிட்ச்சி. நாளான்னிக்கு ரயிலு. அவளையும் இட்டுக்கினு போறாங்க. நான் சரின்னுட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அன்னிக்கு அவளை அனுப்பசொல்ல நீ என்னக் கேட்டியா?"



மறுநாள் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. குடையும் இல்லாமல் பஸ் ஏறினேன். அடையாறு பாலத்தில் வண்டி நின்று நின்று போனது. இன்றே கிளம்பிவிட்டிருந்தால்? டெல்லிக்கு நான் எங்கே போய்த் தேடுவது? யாரைப் பிடித்துக் கேட்பது? "கொஞ்சம் சீக்கிரம் போப்பா" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

வராந்தாவில் டிரங்குப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். வீட்டு அம்மாவின் காலில் விழாத குறை. அவர் நல்லவர். "அவ வரேன்னு சொன்னா தாராளமா கூட்டிட்டுப் போங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

இடுப்பில் குழந்தையோடு வந்தாள். எண்ணெய் வைத்து வாரிய தலை. கன்னத்தில் கொஞ்சம் சதை. நான் முதல் தடவையாக அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"வீட்டுக்கு வந்துடும்மா" என்றேன். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் என்னையே பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை.

"வேலைக்கு ஆளு கெடைக்கலியா பெரியம்மா?"

"அய்யோ, அதில்லடி! எனக்கு நீதான் வேணும்."

"அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, குழந்தையை இறக்கிவிட்டுத் துணிமணி எடுக்க உள்ளே போனாள்.