புளி போட்டு விளக்கிய டிரம்

கறிக்குப் புகைபோடும் இரும்பு டிரம்மைப் புளி போட்டு விளக்கியவன் இந்த மும்பையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நான் பிறவிச் சைவம். மாட்டுங்காவில் எங்கள் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களுக்கு எப்போதும் புளியும் சாம்பலும்தான். இரும்பு வேறு, பித்தளை வேறு என்று ஏதோ புத்தகத்தில் படித்திருக்கிறேன். படித்ததோடு சரி.

டிரம் என் நண்பருடையது. தாராவியில் புகைக்கறி விற்கும் சின்னக் கடை. சமையல் எண்ணெய் வந்த டிரம்முக்குக் கதவு வைத்து, உள்ளே கொக்கி மாட்டி, தேங்காய்ச் சிரட்டைப் புகையில் ஆட்டுக்கறியைத் தொங்கவிடுவார். சித்திரை வெயிலில் இறந்துபோனார். அவர் மனைவி வெளியே வராமல், கணவன் போனால் இருக்கும் இத்தா இருந்த நான்கு மாதம் பத்து நாளும் கடை பூட்டிக் கிடந்தது. "எது வேண்டுமானாலும் சொல்லுங்கள்" என்று நான் சொல்லியிருந்தேன். எல்லோரும் சொல்வதுதான். அந்த அம்மாள் நம்பிவிட்டார்.

"வெள்ளிக்கெழம தொறக்கணும்ணே. பழைய ஆளுவ ஒரு வாய் தின்னுட்டு, அவுக கை மாதிரி இல்லன்னுட்டா கடைய மூட வேண்டியதுதான். டிரம்ம மட்டும் கொஞ்சம் சுத்தம் பண்ணித் தாங்க."

கதவைத் திறந்தேன். சாம்பல், உறைந்த கொழுப்பு, நாலு மாதப் பூஞ்சை. துக்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சாம்பலை அள்ளினேன், கம்பித் தட்டைச் சுரண்டினேன், புகைபோக்கியில் குச்சி விட்டுக் கரியைத் தட்டினேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். உள்சுவரில் வழவழவென்று ஒரு கறுப்பு. புளியைக் கரைத்துக் கம்பி நாரால் மத்தியானம் முழுக்கத் தேய்த்தேன். பளபளத்தது. கழுவிவிட்டு வந்தேன்.

மறுநாள் டிரம் செங்கல் நிறத்தில் இருந்தது. ஆவணி மழையில் வெறும் இரும்புக்கு ஓர் இரவு போதும்.

"என்னத்தப் போட்டுத் தேச்சீய?"

"புளி."

"டிரம்முக்கா, கொழம்புக்கா?" என்ற அந்த அம்மாள், உள்ளே கைவிட்டுத் துருவைத் தடவிப் பார்த்தார். "பத்து வருசப் பொகைண்ணே அது. தோசக்கல்லுல எண்ணெ ஏறுன மாதிரி. துருவும் புடிக்காது, கறியும் மணக்கும். அவுக அதுல தண்ணி பட வுடமாட்டாவ."

நண்பர் பத்து வருடம் ஏற்றியதை ஒரே மத்தியானத்தில் எடுத்துவிட்டேன். அதுவும் யாருக்கோ நடந்த செய்தி போலத்தான் இருந்தது. துருவைச் சுரண்டினேன். அந்த அம்மாள் சொல்லச் சொல்ல எண்ணெய் தடவி, சிரட்டை எரித்து, ஆறவிட்டு, மறுபடி தடவினேன். மூன்று முறை. ஏதோ ஒரு பழுப்பு ஏறியது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து முதலில் வந்தவர் மான்குர்த் டெம்போ டிரைவர், பழைய வாடிக்கை. ஒரு துண்டை வாயில் போட்டார். அந்த அம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். ருசி பார்க்க வழியில்லாத நான் டிரைவருடைய தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெதுவாக மென்று விழுங்கினார்.

"ஏக்தம், அச்சு அசலா அண்ணன் போட்ட மாதிரியே இருக்கு மதினி. அதே மாதிரி உப்பும் தூக்கல். நீங்களாவது கொறைப்பீகன்னு பாத்தேன்."