மீனோடு வந்த தண்ணீர்

சீமந்தம் முடிந்து என் தங்கை செல்வி பிரசவத்துக்காக மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மா இல்லாததால் எல்லாம் என் பொறுப்பு.

என் கணவர் ஞாயிறுதோறும் அத்திபெலே பக்கத்து மீன் குளத்திலிருந்து கெண்டையை உயிரோடு, குளத்துத் தண்ணீரோடு குடத்தில் கொண்டுவருவார். அந்தத் தண்ணீரை வீணாக்க எனக்கு மனம் வராது. நல்ல உரம் என்று மாடியிலுள்ள புதினாத் தொட்டியில் ஊற்றுவேன்.

செல்விக்கு மீன் வாடையே ஆகாது. "எனக்குப் புதினா சட்னி போதும்க்கா" என்பாள். இலையை லேசாக அலசி, பச்சையாகவே அரைத்துக் கொடுப்பேன். ஆசையாகச் சாப்பிடுவாள்.

சில வாரங்களில் கடும் காய்ச்சல். டைபாய்டு என்றார்கள். அவள் பிழைத்தாள், வயிற்றிலிருந்த பெண் குழந்தை பிழைக்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றி விசாரித்த டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்தார். "மீனைக் கொதிக்க வெச்சீங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகல. சாக்கடை கலக்குற குளத்துத் தண்ணிய ஊத்தின இலைய அவளுக்குப் பச்சையா குடுத்திருக்கீங்களேம்மா! அதுலதான் வந்திருக்கணும்."

இப்போது மீன் தண்ணீர் செடிப்பக்கமே போவதில்லை. குடத்தைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். புதினாவை நன்றாக வதக்காமல் அரைப்பதில்லை.

போன வாரம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து செல்வி பேசினாள். மறுபடி முழுகாமல் இருக்கிறாளாம். "இந்த வாட்டியும் உன்கிட்டதான்க்கா வருவேன். புதினாத் தொட்டி இருக்குல்ல?"

அவளிடம் சொல்ல வாய் வராததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.