அக்காவின் காது மிஷின்

ஏழாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் குப்பத்துக்கே நான்தான் இன்ஜினியர். மூன்று டார்ச் செல்லை சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டி ஒரு பல்பை எரியவிட்டிருந்தேன். ஓடாத டேப் ரிக்கார்டரின் மோட்டாரைக் கழற்றி அதில் அட்டைக் காற்றாடி சுற்றவிட்டிருந்தேன். அவ்வளவுதான் என் சாதனை. அதற்கே நைனா என்னை "இன்ஜினியரம்மா" என்று கூப்பிடுவார். எனக்குத் தலைகால் புரியாது.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே காது மந்தம். பொன்னேரியில் நடந்த முகாமில் அவளுக்கு ஒரு காது மிஷின் கொடுத்தார்கள். சட்டைப் பையில் வைக்கிற சின்ன டப்பா, அதிலிருந்து ஒரு வயர், காதில் சொருக ஒரு குமிழ். ஆன் செய்தால் சிவப்பு லைட் எரியும். அது வந்த பிறகுதான் அக்கா வகுப்பில் கை தூக்கிப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். ஒன்பதாவதில் முதல் ஐந்து பேருக்குள் வந்தாள்.

உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து ஒரே வருடத்தில் மிஷின் கரகரத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் தூங்கும்போது அதை எடுத்துப் பிரித்தேன். சரிசெய்யத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய் சொல்வானேன், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற வெறிதான்.

படகு இன்ஜின் கடலில் விழுந்துவிட்டால் எங்கள் ஊரில் முதல் வேலையாக அதை நல்ல தண்ணீரில் கழுவுவார்கள். உப்பை விட்டால் இரும்பைத் தின்றுவிடும் என்பார் நைனா. இன்ஜினுக்குச் சரியென்றால் இதற்கும் சரிதானே. குடத்துத் தண்ணீரில் எல்லாவற்றையும் முக்கி, பழைய பல் பிரஷால் தேய்த்தேன். வாசலில் வைத்தால் மணல் ஏறும் என்று பக்கத்திலிருந்த பழைய டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், சுடுகிற பலகைக் கல்லின் மேல் காயவைத்தேன். அக்கா எழுவதற்குள் எல்லாவற்றையும் மறுபடி மாட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவள் மிஷினைக் காதில் சொருகினாள். தட்டினாள், திருகினாள். பிறகு அம்மாவைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினாள். ஒன்றுமே கேட்கவில்லை.

நைனா என்னைக் கூப்பிட்டார். வீட்டில் இதெல்லாம் தெரிந்தவள் நான்தானே.

"மிஷின் நல்லா கீதா, பாரு."

ஆன் செய்து காட்டினேன்.

"லைட் எரியுது, நைனா" என்றேன்.

சொன்னது பொய்யில்லை. லைட் எரிந்தது. வயது ஏற ஏற இன்னும் மந்தமாகலாம் என்று முகாமில் டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் மிஷின் நல்ல மிஷின் ஆயிற்று, அக்காவின் காது கெட்ட காது ஆயிற்று. அம்மா அழுதாள். நானும் அழுதேன். தங்கச்சிக்கு எவ்வளவு பாசம் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் வகுப்பில் சும்மா உட்கார்ந்துவிட்டு அக்கா பள்ளிக்கூடத்தை விட்டாள். அம்மாவோடு கடலை ஒட்டிய ஏரியில் இறங்கி, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் மிஷினை என் கையில் வைத்தாள்.

"எனக்கு இனிமே இன்னாத்துக்கு? நீ பிரிச்சுப் பாரு."

அதை வாங்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

இந்த முறை நிதானமாகப் பிரித்தேன். குமிழுக்குப் போகும் முடி போன்ற ஒரு கம்பி பற்றுவிட்டிருந்தது. என் பல் பிரஷ் செய்த வேலை. ரேடியோ கடையில் பார்த்தது போல, பழுக்கக் காய்ச்சிய ஆணியால் ஒரு சொட்டு ஈயம் வைத்தேன். குமிழை என் காதில் சொருகி ஆன் செய்தேன். அலைச் சத்தம், காக்கை, பின்கட்டிலிருந்து அம்மா அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிடும் குரல், எல்லாம் காதைத் துளைத்தன.

அக்கா எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து இறால் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. அம்மா மறுபடியும் கூப்பிட்டாள்.

மிஷினைக் கொடுத்தால், அன்றைக்கே அது கெட்டுத்தான் இருந்தது என்று தெரிந்துவிடும். குமிழைப் பிடுங்கிப் பாவாடைக்குள் மறைத்தேன். அக்காவின் தோளைத் தொட்டு, அம்மா கூப்பிடுவதாக வாயசைத்துச் சொன்னேன். அவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டு எழுந்து போனாள்.